விலாப்புறம்

ஆறுகாணிச் சிற்றாலயத்தில்
பீடத்துக்கு இடதுபுறம் அந்தப் படம்.
இத்தாலியில் படித்துவந்த பங்குத்தந்தை
குழாயில் சுருட்டிக் கொண்டுவந்தது.
ஐநூறு வருஷப் பழசு, இது நகல் என்றார்.
வெள்ளறடையில் கண்ணாடி போட்டு
சோதனைச்சாவடி வழியே
ஜீப்பில் படுக்கவைத்து ஏற்றி வந்தார்கள்.

நீலம், சிவப்பு, முற்றிய எலுமிச்சை மஞ்சள்,
துவைத்த அன்றே உடுத்தியதுபோல் அங்கிகள்.
பத்துப்பேர் சுற்றி நிற்க
உயிர்த்தவர் தோமையின் மணிக்கட்டைப் பிடித்துத்
தன் விலாவுக்குக் கொண்டுபோகிறார்.

எனக்கு முதலில் பட்டது வெட்டுதான்.
நானூறு ரப்பர் மரம் வெட்டுகிறவள்,
நெற்றியில் விளக்கு கட்டி, விடியுமுன்.
முப்பது டிகிரிச் சரிவு, சரியான கை.
பட்டையோடு நின்றிருக்கிறது, தடியில் படவில்லை.
ஆனால் ஒரு சொட்டும் வடியக் காணோம்,
இலை கொட்டிய மாசி மரம்போல.
பூசை நேரத்தில் இதை நினைத்தது பாவமா, தெரியாது.

பிறகு
ஒரு செவ்வாய்க்கிழமை
பால்வாளியோடு மேடேறி வந்தால்
முற்றம் நிறைய ஆள்.
"மெற்றில்டா, எஸ்தாக்கி வந்நாச்சு!"

என் கொழுந்தன்.
தம்மாம் போய்ப் பதினோரு வருஷம்.
மூன்றாம் வருஷம் கடிதம் நின்றது,
ஏழாம் வருஷம் இறந்தோர் பூசை வைத்து
ரேஷன் கார்டில் பேரும் வெட்டியாயிற்று.
என் மாப்பிள்ளை கிறிஸ்பின்
அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்.
பக்கத்து வீடு அழுகிறது.
நான் மட்டும் சிரட்டைகளை அடுக்கினேன்.

பாதி வழுக்கை. முன்பல் இரண்டு இல்லை.
பேச்சில் மலையாளம், நடுநடுவே இந்தி.
நாற்பது சென்றில் பங்கு கேட்டு வந்த
எவனோ ஒருத்தன் என்றால்?
"நாங்க எல்லாம் கண்டோமே" என்கிறார்கள்.
கண்டால்?

எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு.
கல்யாணமான வருஷம், கத்தி புதுசு, கை புதுசு.
இருட்டில் நான் திரும்பிய வாக்கில்
வாளியோடு வந்தவன் இடது விலாவில் இழுத்துவிட்டது.
முள்வேலி கிழித்தது என்று
ஆசுபத்திரியில் அவனே சொன்னான்.

புகைப்புரைக்குப் பின்னால் நிறுத்தினேன்.
"சட்டையத் தூக்கு."
தூக்கினான்.
இருந்தது.
என் விரலில் ஒரு கணு நீளம், அதே சரிவு,
ஒட்டுப்பால் காய்ந்த விரலால் தொட்டேன்.
என் கை வெட்டிய வெட்டு எனக்குத் தெரியாதா.

சட்டை இன்னும் கொஞ்சம் ஏறியது.
அதற்குக் கீழே
முதுகிலிருந்து வயிற்றுக்கு வளைந்து
ஒரு முழம் இருக்கும்,
இரண்டு பக்கமும் தையல் புள்ளிகளோடு
இன்னொன்று.
விரல் தானாகவே அங்கே போயிற்று.
அவன் என் மணிக்கட்டைப் பிடித்தான்.
பிடித்து, மெல்ல இறக்கினான்.
"மைனி, அது வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பார்த்தேன்.
பத்துப்பேர் கண்ணும் அந்த விரலில்தான்.
முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.
முதுகுப்புறம் என்ன என்று
வரைந்தவருக்கும் தெரிந்திருக்காது.

வியாழக்கிழமை தாலுகா ஆபீசு.
உயிரோடிருக்கிறான் என்று எழுதித் தர
மூன்று மேசை மாறினோம்.
"அங்க அடையாளம் இரண்டு வேணும்"
என்றான் குமாஸ்தா, தலை நிமிராமல்.

"இடது விலாவில் கத்தி பட்ட தழும்பு," என்றேன்.
முதல்முறையாக ஊரறிய.
"கத்தியா? யாரு வெட்டினது?"
"நான்தான்."
எழுதினான். "ரெண்டாவது?"

எஸ்தாக்கி ஜன்னலைப் பார்த்தான்.
வெளியே யாரோ பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார்கள்,
அது கிளம்பவில்லை.

"வலது தோளில் மச்சம்."

சட்டையைக் கழற்றச் சொல்வான் என்று
நெஞ்சு அடித்துக்கொண்டது.
சொல்லவில்லை.
காணாமலே எழுதிக்கொண்டான்.